ப்ளே தெரபி கற்பவர்கள் தமிழில் பழக வேண்டியவை

ஒரு குழந்தை மரப்பாச்சியை எடுத்து மணல் தட்டில் குப்புறக் கிடத்தி, மேலே மணலை அள்ளிப் போடுகிறது. எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவர் சொல்கிறார்: “ஐயோ, பாவம், ஏன் புதைக்கிற?”

நாலே சொல். நாலும் தவறு. ‘ஐயோ’ என்றதும் தான் செய்தது ஏதோ விபரீதம் என்று குழந்தைக்குப் பட்டுவிடும். ‘பாவம்’ என்றவர் பொம்மையின் கட்சிக்குப் போய்விட்டார். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் தேட விளையாட்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். ஆறு வயதுக் குழந்தையிடம் அந்தப் பதில் பெரும்பாலும் சொல்லாக இருப்பதில்லை, கையில்தான் இருக்கிறது. ‘புதைக்கிற’ என்பதும் நாம் வைத்த பெயர். குழந்தை அதை ஒளித்து வைக்கலாம், தூங்க வைக்கலாம், குளிருக்குப் போர்த்திக்கூட விடலாம். சொல்லியிருக்க வேண்டியது: “அதை உள்ள வெச்சு, மேல மேல போடற.” அவ்வளவுதான். அடுத்ததை குழந்தையே சொல்லும், அல்லது செய்யும்.

ப்ளே தெரபி என்பது விளையாட்டின் வழியே குழந்தைகளுக்குத் தரும் மனநலச் சிகிச்சை. உளவியல், சமூகப்பணி, கவுன்சலிங் படித்துவிட்டு அதைக் கற்க வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தையை மையமாகக் கொண்ட முறையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸிடம் பயின்ற வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் எட்டு கோட்பாடுகளாக வகுத்துத் தந்த முறை அது. வழிகாட்டுவது குழந்தை, பின்தொடர்வது சிகிச்சையாளர், அவசரப்படுத்துவது கிடையாது, தேவையான எல்லைகள் மட்டும் உண்டு. பிறகு வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கேரி லேண்ட்ரெத் இதைப் படிப்படியாகக் கற்றுத்தரக்கூடிய திறன்களாகப் பிரித்தார். இன்று நம் ஊர்ப் பயிற்சிகளில் வரும் ஆங்கிலக் குறிப்புகளில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தவைதான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னால், பல இடங்களில் அது நேர் எதிர்ப் பொருளைத் தருகிறது. பயிற்சி வகுப்புகள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

முதலில் ‘நீ கோவப்படுற.’ உணர்வைப் பிரதிபலிப்பது என்ற திறனுக்கு ஆங்கில வாக்கியத்தை அப்படியே மாற்றினால் இதுதான் வரும். தமிழ் வீட்டில் இந்த வாக்கியத்தை யார், எப்போது சொல்கிறார்கள்? “சும்மா சும்மா கோவப்படுற”, “எதுக்கெடுத்தாலும் பயப்படுற” என்று குறை சொல்லும்போதுதான். குழந்தைக்கு அது புகாராகத்தான் கேட்கும், தோளைக் குறுக்கிக்கொள்ளும். “உனக்குக் கோவமா வருது” என்று சொல்லிப் பாருங்கள். கோபம் அதற்கு வருகிறது, அது வரவழைக்கவில்லை. குற்றம் சாட்டாமல் உணர்வைச் சொல்ல தமிழில் வழி இருக்கிறது, ‘உனக்கு’ என்ற சொல்லில். பயமா இருக்கு, கடுப்பா இருக்கு, கூச்சமா இருக்கு, ஆசையா இருக்கு, ஏமாத்தமா போச்சு என்று ஒரு இருபது சொல்லாவது நாக்கில் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் ‘கஷ்டமா இருக்கு’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுவோம். பொறாமைக்கும் துக்கத்துக்கும் ஒரே பெயர் வைத்தால், தன்னைப் புரிந்துகொண்டதாக எந்தக் குழந்தைக்கும் தோன்றாது.

இரண்டாவது, வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘ஆ’. “கோவமா இருக்கா?”, “அம்மாவா அது?”, “முடிச்சுட்டியா?” தமிழில் கேள்விக்குத் தனிச்சொல் தேவையில்லை, ஓர் எழுத்து போதும். அதனால் நாம் கேள்வி கேட்டதே நமக்குத் தெரிவதில்லை. பத்து நிமிட ஒலிப்பதிவை எழுதிப் பார்க்கச் சொன்னால், கேள்வியே கேட்கவில்லை என்று நம்பியிருந்தவர்களின் தாளில் இந்த ‘ஆ’ வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டமிட்டு, அந்த எழுத்தை எடுத்துவிட்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். “கோவமா இருக்கு.” குரல் கீழே இறங்கி முடிய வேண்டும். குரல் மேலே போனால், எழுத்தில் ‘ஆ’ இல்லாவிட்டாலும் அது கேள்விதான்.

மூன்றாவது ‘உன் இஷ்டம்.’ பொறுப்பைக் குழந்தையிடமே திருப்பிக் கொடுப்பது ஒரு முக்கியத் திறன். “இதுக்கு என்ன கலர் அடிக்கறது?” என்று கேட்கும் குழந்தைக்கு, முடிவு உன்னுடையது என்று உணர்த்த வேண்டும். ‘உன் இஷ்டம்’ என்று அம்மா சொன்னால், அம்மா கோபமாக இருக்கிறாள் என்று தமிழ்க் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். கையைக் கழுவிவிடும் சொல் அது. “இங்க அதை நீயே முடிவு பண்ணலாம்” என்பது அதே பொருளை இதமாகத் தரும். பென்சில் டப்பாவைத் திறக்கச் சொல்லி நீட்டினால், “எங்க பிடிச்சுத் திறக்கணும்னு காட்டு, சேர்ந்து திறப்போம்” என்று முயற்சியை அதன் கையிலேயே வைக்கலாம்.

‘உடைச்சுட்ட’ என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ‘ட்ட’வில் பழி இருக்கிறது. “அது ரெண்டா போயிருச்சு” என்றால் நடந்தது மட்டும் இருக்கிறது. ‘போகலாமா?’ இன்னொன்று. நேரம் முடிந்ததும் மரியாதைக்காகக் கேட்கிறோம். குழந்தை ‘வேண்டாம்’ என்கிறது. கேட்டுவிட்டு மறுத்தால் நம் வார்த்தைக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் முன்னால் “இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு”, முடிவில் எழுந்து நின்று “இன்னைக்கு நேரம் முடிஞ்சுது, அம்மா இருக்கற ரூமுக்குப் போற நேரம்.” கெஞ்சலும் வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம்.

கூப்பிடும் முறையையும் முதல் நாளே யோசிக்க வேண்டும். ‘மிஸ்’ என்று குழந்தை கூப்பிட ஆரம்பித்தால் அறை வகுப்பறையாகிவிடும். வரைந்ததை நீட்டி மதிப்பெண் எதிர்பார்க்கும், ‘பாத்ரூம் போகட்டுமா மிஸ்’ என்று விரலைத் தூக்கும். அக்கா, அண்ணா, ஆன்ட்டி எதுவானாலும் பரவாயில்லை, அல்லது பெயரோடு அக்கா. நம் பக்கம் குழந்தையின் பெயர் போதும். செல்லம், தங்கம், கண்ணா எல்லாம் அன்பாகத்தான் வருகின்றன. ஆனால் செல்லமாக இருந்தாக வேண்டிய கட்டாயத்தில், கோபத்தைக் காட்டத் தயங்கும் குழந்தைகள் உண்டு. ‘சூப்பர்!’, ‘வெரி குட்!’ இரண்டும் அதே வகை. “அழகா வரைஞ்சிருக்க” என்பதற்குப் பதில் “அந்த ஓரம் முழுக்க விடாம அடிச்சு முடிச்சிருக்க” என்று உழைப்பைச் சொல்லுங்கள். பாராட்டைச் சம்பாதிக்க வரைவதற்கும், தனக்காக வரைவதற்கும் உள்ள வித்தியாசம் அடுத்த வாரமே தாளில் தெரியும்.

இதையெல்லாம் படித்துக் கற்க முடியாது. பயிற்சியின் அளவைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. இந்தியாவில் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (RCI) பதிவு செய்தாக வேண்டும், ஆனால் ‘ப்ளே தெரபிஸ்ட்’ என்ற பெயருக்குத் தனி உரிமம் எதுவும் இல்லை. இரண்டு நாள் பயிலரங்கில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியவரும் பலகை மாட்டலாம். ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க அளவுகோல் ஒன்று: 1982-இல் தொடங்கப்பட்ட அங்குள்ள ப்ளே தெரபி சங்கம், மனநலத் துறையில் முதுகலையும் உரிமமும் ஏற்கெனவே உள்ளவர்களிடம், அதற்கு மேல் 150 மணி நேர வகுப்பு, 350 மணி நேரம் குழந்தைகளோடு நேரடி வேலை, 35 மணி நேர சூப்பர்விஷன் கேட்கிறது. பத்து மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த விகிதத்தை நம் ஊரிலும் நாமே வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கற்றுத்தருபவர் இப்போதும் குழந்தைகளைப் பார்க்கிறாரா? நான் ஒரு குழந்தையோடு இருப்பதை யாராவது பார்த்து, தனித்தனியாகத் திருத்துவார்களா? எத்தனை முறை? மூன்றாவதுக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால் அது அறிமுக வகுப்பு. அறிமுக வகுப்பில் தவறில்லை, அதை வைத்துக்கொண்டு குழந்தைகளைப் பார்க்கத் தொடங்குவதுதான் தவறு. பேச்சுப் பயிற்சியிலும் ஆக்குபேஷனல் தெரபியிலும் விளையாட்டைப் பயன்படுத்துவார்கள். அதற்கும் பல மையங்களில் ‘ப்ளே தெரபி’ என்றே பெயர். அது வேறு வேலை, அதன் பயிற்சியும் வேறு.

வகுப்பில் பெரியவர் ஒருவர் குழந்தையாக நடித்துப் பழகும் பயிற்சி முதல் நாளுக்குச் சரி. அதற்கு மேல் பயன் குறைவு. நடிப்பவர் பொம்மையைத் தூக்கி எறிந்து ஊரைக் கூட்டுவார். உண்மையான குழந்தை இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் காரை முன்னும் பின்னும் உருட்டும், கை நடுங்குவது அப்போதுதான். அதனால் அடுத்த கட்டம், பிரச்சினை எதற்காகவும் அனுப்பப்படாத, நான்கிலிருந்து எட்டு வயதுக்குள்ளான தெரிந்த குடும்பத்துக் குழந்தை ஒன்றோடு அரை மணி நேரம், நாலைந்து முறை. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும், குழந்தையிடமும் கேமரா எதற்கென்று சொல்லிவிட வேண்டும். அந்த வீடியோவை சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள், எத்தனை நல்ல நோக்கமாக இருந்தாலும். நேரில் கொண்டுபோய்க் காட்டி, பேசி முடித்ததும் ஒப்புக்கொண்ட நாளில் அழித்துவிடுங்கள்.

பதிவில் நடுவிலிருந்து பத்து நிமிடத்தை எடுத்து எழுதுங்கள். தொடக்கத்தில் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள், நடுவில்தான் பழைய நாக்கு வெளியே வரும். தாளை நான்கு பத்தியாகப் பிரித்து, குழந்தை செய்தது அல்லது சொன்னது, நான் சொன்னது, அது எந்தத் திறன், இப்போது யோசித்தால் என்ன சொல்வேன் என்று நிரப்புங்கள். நான்காவது பத்தியை வாய்விட்டுச் சொல்லியபடி எழுத வேண்டும். பத்து நிமிடத்தை எழுத முதலில் இரண்டு மணி நேரம் ஆகும். ஐந்தாவது பதிவில் இரண்டாம் பத்தியும் நான்காம் பத்தியும் நெருங்கத் தொடங்கியிருக்கும்.

அந்தத் தாளில் இன்னொன்றையும் பாருங்கள்: இடைவெளி. குழந்தை செய்வதையெல்லாம் விடாமல் சொன்னால் கிரிக்கெட் வர்ணனை ஆகிவிடும், குழந்தை முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்காணிப்பு. வாய் ஓயாமல் பேசும் குழந்தையிடம் நம் பேச்சு குறைய வேண்டும், மௌனமான குழந்தையிடம் சற்றுக் கூட வேண்டும், குரலின் வேகம் அதன் கையின் வேகத்தோடு போக வேண்டும்.

எல்லை வைப்பதில்தான் நல்ல மாணவர்களும் தடுமாறுகிறார்கள். லேண்ட்ரெத் சொல்லித்தரும் வரிசை: முதலில் ஆசையைப் புரிந்துகொண்டதைச் சொல், பிறகு எல்லையைச் சொல், பிறகு மாற்று வழியைக் காட்டு. குழந்தை ஒரு கை மணலை உங்கள் முகத்துக்கு நேரே ஓங்குகிறது. “மணலை என் மேல போடணும்னு இருக்கு உனக்கு. மனுஷங்க மேல போடறது இங்க கிடையாது. அந்தப் பெரிய பொம்மை மேல போடலாம்.” மூன்று சிறு வாக்கியம், கை அந்தப் பொம்மையைச் சுட்ட வேண்டும். குழந்தை அடிக்க வரும்போது, ஆங்கிலத்தில் உள்ள ‘I’m not for hitting’ என்பதை அப்படியே ‘நான் அடிக்கறதுக்கு இல்ல’ என்று சொல்பவர்கள் உண்டு. நான் அடிக்க மாட்டேன் என்று சொல்வதாகக் குழந்தைக்குக் கேட்கும், அதுபாட்டுக்குத் தொடரும். ‘போடாத!’ நம் எல்லோருக்கும் தானாக வருவது. அதில் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் இல்லை. எதிர்த்து நிற்பதா, அடங்கிப்போவதா என்ற இரண்டு வழிதான் குழந்தைக்கு மிஞ்சுகிறது. மூன்று முறை சொல்லியும் தொடர்ந்தால்: “மறுபடியும் என் மேல போட்டா, இன்னைக்கு மணல் வேண்டாம்னு நீ எடுத்த முடிவு அது.” சொன்னால் செய்ய வேண்டும். தட்டை மூடிவிட்டு, குரலில் சூடில்லாமல் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

எல்லைகளை முதல் நாளே பட்டியலாக ஒப்பிக்க வேண்டியதில்லை, அந்தந்த இடம் வரும்போது சொன்னால் போதும். குழந்தைக்கோ நமக்கோ காயம், விலை உயர்ந்த பொருளுக்குச் சேதம், நேரத்துக்கு முன் அறையை விட்டு ஓடுவது. பெரும்பாலும் இவ்வளவுதான்.

அறையைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை வசதியானது, இல்லாவிட்டால் ஒரு பாயும் ஒரு பையும் போதும். பொம்மை மூன்று வகையில் இருக்க வேண்டும்: வீடும் ஊரும், கோபத்தைக் காட்ட உதவுபவை, உருவாக்க உதவுபவை. சொப்புச் சாமான், பால்புட்டியோடு குழந்தைப் பொம்மை, தாத்தா பாட்டியும் சேர்ந்த குடும்பம், டாக்டர் செட், போன், ஆட்டோ, பஸ், ஆம்புலன்ஸ். ரப்பர் பாம்பு, போலீஸ், சிப்பாய்கள், காற்றடைத்த பெரிய பொம்மை. எட்டு நிறக் க்ரேயான், தாள், களிமண், முனை மழுங்கிய கத்தரி. பொம்மைக் குடும்பத்தின் தோல் நிறம் நம் வீட்டு மனிதர்களின் நிறமாக இருக்கட்டும். பேட்டரி பொம்மை வேண்டாம், அதுவே விளையாடிக்கொள்ளும், குழந்தைக்கு வேலை இருக்காது. ஒவ்வொன்றும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். போன வாரம் பாம்பு இருந்த மூலைக்கு நேராக நடந்துபோகும் குழந்தை, அது அங்கே இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும். ஒழுங்குபடுத்துவது நம் வேலை, குழந்தையின் வேலை அல்ல. அதனால் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே பத்து நிமிடமாவது விடுங்கள்.

மணல் தட்டுக்குத் தனிக் கவனம் தேவை. 1929-இல் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்டின் மருத்துவமனையில், சிறு பொருள்களைக் குழந்தைகள் மணல் தட்டில் அடுக்கி அதை ‘உலகம்’ என்று அழைக்கத் தொடங்கியதிலிருந்து வந்தது இது. சுவிட்சர்லாந்துச் சிகிச்சையாளர் டோரா கால்ஃப் வழிவந்த அளவு ஏறத்தாழ 72 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். தலையைத் திருப்பாமல் முழுவதும் கண்ணில் அடங்கும். உட்புறம் நீல வண்ணம். மணலை விலக்கினால் ஆறோ கடலோ தெரியும். பாதி உயரத்துக்கு நிரப்ப 18 முதல் 20 கிலோ மணல் தேவை, ஆகவே தட்டைத் தாங்கும் மேசை உறுதியாக இருக்கட்டும். எம்-சாண்ட் வாங்காதீர்கள், உடைத்த கல் அது, முனை கூர்மை, தூசி மூக்கில் ஏறும். கடல் மணலில் உப்பிருப்பதால் மழைக்காலத்தில் நசநசக்கும். ஆற்று மணலைச் சலித்து, தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை அலசி, வெயிலில் காயவைத்து எடுங்கள். தட்டு மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தால் பொடி பறந்து கண்ணில் விழும். ஓரமாகத் தள்ளி வையுங்கள்.

சட்டம் இல்லாமல் இந்தப் பயிற்சி முழுமையாகாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல் துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காதது 21-ஆம் பிரிவின் கீழ் குற்றம். சிகிச்சையின் ரகசியம் இதற்கு விலக்கல்ல என்பதைப் பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அதே நேரம் விளையாட்டு வாக்குமூலம் அல்ல. ஒரு பொம்மையின் மேல் இன்னொரு பொம்மையைக் கிடத்துவது மட்டும் எதையும் நிரூபிக்காது. “யாராவது உன்னை அப்படிப் பண்ணினாங்களா?” என்று நாம் எடுத்துக்கொடுத்தால், பிறகு அது குழந்தையின் சொல்லா நம் சொல்லா என்ற கேள்வி வழக்கு முடியும்வரை நிற்கும். குழந்தை தானாகச் சொன்னால், அதே சொற்களில், அதே வட்டார வழக்கில், அன்றே, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். ‘மாமா இச்சி பண்ணாரு’ என்று சொன்னால் அப்படியே எழுத வேண்டும், நல்ல தமிழுக்கு மாற்றக் கூடாது. உடனே சூப்பர்வைசரை அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 அறைச் சுவரில் அல்ல, உங்கள் போனில் இருக்கட்டும்.

பெற்றோரோடு பேசுவதும் பழக வேண்டிய திறன்தான். கதவு திறந்ததும் ‘என்ன சொன்னான்?’ என்று அம்மா கேட்பார். குழந்தை பக்கத்திலேயே நின்று நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று பார்க்கும். “அதை நாம புதன்கிழமை பேசலாம்” என்று ஏற்கெனவே தனி நேரம் குறித்திருந்தால் சிக்கலில்லை. அந்தச் சந்திப்பில் விளையாட்டை விவரிக்காமல், குழந்தையின் தேவையைப் பேசுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘டாக்டர்கிட்ட போறோம், சமத்தா இருக்கணும்’ என்று சொல்ல வேண்டாம் என்பதையும், பழைய உடுப்பு போட்டு, பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்வதையும் மறக்காதீர்கள்.

பெற்றோருக்கே இதைக் கற்றுத்தரும் முறையும் உண்டு. 1960-களில் பெர்னார்ட், லூயிஸ் கெர்னி தம்பதியர் தொடங்கியது. லேண்ட்ரெத்தும் சூ பிராட்டனும் அதைப் பத்து வாரமாகச் சுருக்கினார்கள். ஆறிலிருந்து எட்டு பெற்றோர், வாரம் இரண்டு மணி நேரம், வீட்டில் ஒரே குழந்தையோடு வாரம் அரை மணி விளையாட்டு. பிராட்டனும் மற்றவர்களும் 2005-இல் ப்ளே தெரபி பற்றிய 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சையாளர்கள் நடத்தியவற்றைவிட, பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியவற்றில் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. சிகிச்சையாளர் குறைவாக உள்ள நம் மாவட்டங்களுக்கு இது மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் நமக்கு அந்தத் திறன்கள் தமிழில் கைவந்திருக்க வேண்டும். ‘உன் இஷ்டம்’ என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால், எட்டு வீட்டில் எட்டுப் பேர் அதையே சொல்வார்கள்.

முடிக்கும் விதத்தைப் பயிற்சிகளில் கடைசி நாளின் கடைசி அரை மணியில் ஓட்டிவிடுகிறார்கள். ‘இன்னைக்குத்தான் கடைசி’ என்று அன்றைக்கே சொல்வது சிறு குழந்தைக்குக் கைவிடப்பட்டது போல இருக்கும். குறைந்தது மூன்று வாரம் முன்பே சொல்ல வேண்டும். மீதி எத்தனை முறை என்று தாளில் வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் குழந்தையே நிறமடிக்கட்டும். சில குழந்தைகள் அடிக்க மறுக்கும், சில குழந்தைகள் எல்லா வட்டத்தையும் அன்றைக்கே அடித்துத் தாளைக் கசக்கி எறியும். கசங்கிய தாளை நீவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “இது முடியறது உனக்குப் பிடிக்கல” என்று குரலை இறக்கிச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே இடத்தில் அந்தத் தாளை வையுங்கள்.